வேலைப் பயிற்சிக்கு யார் கொண்டுபோய் விடுவது? அமெரிக்கப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் பயண உரிமை

ஸ்பெஷல் எஜுகேஷனில் படிக்கும் பிள்ளைக்குப் பதினாறு வயது நெருங்கும்போது, ஐஇபி (பிள்ளைக்கென்று பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்தில் புதிதாக ஒரு பேச்சு வரும். ‘செவ்வாயும் வியாழனும் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை மருந்துக்கடையில் வேலைப் பயிற்சி. அலமாரியில் பொருள் அடுக்க வேண்டும், காலாவதித் தேதி பார்க்க வேண்டும்’ என்பார்கள். பெற்றோருக்கு மனசு நிறைந்துவிடும். சம்மதம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும்: பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கடைக்குப் பிள்ளை எப்படிப் போகும்? நடுப்பகலில் யார் திருப்பிக் கூட்டிவருவார்கள்? இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வரும். ‘நீங்களே வந்து அழைத்துப் போக முடியுமா?’

முடியும் என்று நம்மவர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அம்மாவோ பாட்டியோ வண்டியை எடுத்துவிடுவார்கள். அப்படிச் சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கான அரிச்சுவடி இது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் கொஞ்சம் மாறும். அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்ற சட்டம் 1975-இல் வந்தது. அதற்கு முன்பு, ‘இந்தப் பிள்ளையை எங்களால் சேர்த்துக்கொள்ள முடியாது’ என்று பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், அனுப்பவும் செய்தார்கள். 1990-இல் அந்தச் சட்டத்துக்கு ஐடிஇஏ என்று பெயர் மாறியது. பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு பிள்ளை என்ன செய்யும் என்பதையும் பள்ளி யோசிக்க வேண்டும் என்று சேர்த்தது அப்போதுதான். ட்ரான்சிஷன் என்று கூட்டத்தில் அடிக்கடி காதில் விழுகிற சொல் அங்கிருந்து வந்ததுதான். 2004-இல் திருத்தியபோது, பிள்ளைக்குப் பதினாறு வயது ஆகும்போது நடப்பில் இருக்கும் ஐஇபியில் இந்தத் திட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று வரையறுத்தார்கள். டெக்சஸ், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் பதினான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.

ட்ரான்சிஷன் சேவைகளின் பட்டியலில், பள்ளிக்கு வெளியே ஊருக்குள் கிடைக்கும் அனுபவங்களைச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வேலைக்கான தயாரிப்பும் அதில் உண்டு. மருந்துக்கடையில் அலமாரி அடுக்குவது பள்ளி மனமிரங்கிச் செய்துதரும் பொழுதுபோக்கு கிடையாது. ஐஇபியில் எழுதிவிட்டால் கணக்குப் பாடம் மாதிரி அதுவும் ஒரு பாடம்.

இதே சட்டத்தில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. பிள்ளை தன் படிப்பிலிருந்து பயன்பெறுவதற்குத் துணையாகத் தேவைப்படும் சேவைகள் அதில் வருகின்றன. பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் போக்குவரத்தும் இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வருவது, ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போவது, பள்ளிக் கட்டடத்துக்குள் நடமாடுவது, அதற்கு வேண்டிய லிஃப்ட் வைத்த பஸ், சாய்தளம் போன்ற கருவிகள் எல்லாம் போக்குவரத்து என்ற ஒரே தலைப்பில் அடங்கும்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பதில் கிடைத்துவிடும். வேலைப் பயிற்சி படிப்பின் பகுதி. அங்கே போகாமல் அந்தப் படிப்பு நடக்காது. இந்தப் படிப்பு பெற்றோருக்குச் செலவில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது சட்டத்தின் முதல் வாக்குறுதி. ஆகவே ஐஇபியில் எழுதிய வேலையிடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின், அதாவது அந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின், பொறுப்பு. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பள்ளி முடிந்த பிறகு பிள்ளை தானாகத் தேடிக்கொண்ட பீட்சா கடை வேலை ஐஇபியில் இல்லாதவரை, அதற்கு டிஸ்ட்ரிக்ட் வண்டி அனுப்பாது.

பத்தரை மணிக்கு ஏன் பஸ் இல்லை

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் ஏன் சிக்குகிறது என்றால், மஞ்சள் பஸ்ஸின் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும். பல டிஸ்ட்ரிக்டுகளில் ஒரே பஸ் காலையில் முதலில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அடுத்து நடுநிலைப் பள்ளிக்கு ஓடி, கடைசியில் தொடக்கப் பள்ளிக்குப் போகும். பள்ளிகள் வேறுவேறு நேரத்தில் தொடங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒன்பதரை மணிவாக்கில் சுற்று முடிந்துவிடும். பிறகு மதியம்வரை பஸ் யார்டில் சும்மா நிற்கும். வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. டிரைவர்களில் பலர் காலையில் சில மணி, மாலையில் சில மணி என்று பிரித்து வேலை பார்ப்பவர்கள். நடுப்பகலில் இருக்கும் சில டிரைவர்களையும் மழலையர் பள்ளி ட்ரிப்பும் சுற்றுலா ட்ரிப்பும் இழுத்துக்கொள்ளும்.

இதன் விளைவு வண்டி தாமதமாவதோடு நிற்பதில்லை. எங்கே பயிற்சி என்பதையே பஸ்தான் முடிவு செய்கிறது. நாய்களோடு இருக்க ஆசைப்படும் பையன், பழைய துணி விற்கும் கடையில் ஹேங்கர் மாட்டிக்கொண்டிருப்பான். ஏன் என்று கேட்டால், வகுப்பில் இருக்கும் எட்டுப் பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்க அந்தக் கடைதான் தோது. அதுவும் முடியாவிட்டால் பள்ளி கேன்டீனிலேயே மேசை துடைக்கச் சொல்வார்கள். மேசை துடைப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு வருடமும் அதுவே பயிற்சி என்றால், அந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும், எது வரும் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். விருப்பத்தையும் திறமையையும் பார்த்து முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டி அதற்குப் பின்னால் வர வேண்டும். ஐஇபி கூட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: ‘இந்த இடத்தை என் பிள்ளைக்காகத் தேர்ந்தெடுத்தீர்களா, பஸ்ஸுக்காகவா?’

இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பளம் இல்லாத வேலைப் பயிற்சி, இலவச உழைப்பாக மாறிவிடாமல் இருக்க அமெரிக்கத் தொழிலாளர் துறை மணிக்கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பள்ளி ஆண்டில் ஒரு வேலையை அறிமுகமாகப் பார்க்க 5 மணி நேரம், அதில் பிள்ளையின் திறனை மதிப்பிட 90 மணி நேரம், பயிற்சிக்கு 120 மணி நேரம். பொதுவாக அதற்கு மேல் போகக் கூடாது. வாரம் நான்கு மணி நேரம் என்றால் 120 மணி முப்பது வாரம் வரும். தினம் மூன்று மணி நேரம் போகிற பிள்ளைக்கு எட்டே வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு வேறு வேலை, வேறு இடம், வேறு பாதை. செப்டம்பரில் போட்ட பஸ் ஏற்பாடு டிசம்பரில் செல்லாமல் போவது இதனால்தான். இடம் மாறும்போது வண்டியும் மாறும் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வண்டி

மஞ்சள் பஸ்தான் வர வேண்டும் என்பதில்லை. சிறிய ரகப் பள்ளி வேனில் ஜாப் கோச்சும் மாணவர்களுமாகப் போவது பரவலான வழக்கம். ஜாப் கோச் என்பவர் வேலையிடத்தில் பிள்ளையின் பக்கத்தில் நின்று வேலையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய சொந்தக் காரில் கூட்டிப்போகலாமா என்பது டிஸ்ட்ரிக்டின் இன்சூரன்ஸ் விதியைப் பொறுத்தது. பல இடங்களில் கூடாது. கடை நடக்கிற தூரத்தில் இருந்தால் நடந்தே போகலாம். ஊர் பஸ்ஸில் கோச்சோடு போகலாம்; படிப்புக்காகப் போகும் பயணம் என்பதால் டிக்கெட் காசு டிஸ்ட்ரிக்டுடையது.

பெற்றோரே ஓட்டிப் போக ஒப்புக்கொண்டால் மைலுக்கு இவ்வளவு என்று டிஸ்ட்ரிக்ட் பணம் தரலாம். ஒப்புக்கொண்டால் என்பதைக் கவனிக்கவும். ‘நீங்கள் கொண்டுவந்தால்தான் பயிற்சி’ என்று நிபந்தனை போட முடியாது.

வீல்சேரில் இருக்கும் பிள்ளைக்கு வண்டி என்பது இன்னும் நுணுக்கமான விஷயம். லிஃப்ட் இருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. வீல்சேர் வண்டிக்குள் முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பட்டைகள் நாற்காலியின் சட்டத்தைத் தரையோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். கழன்றுவரக்கூடிய கால்மிதியிலோ சக்கரத்திலோ பட்டையை மாட்டினால் பயனில்லை. இந்த நான்கும் நாற்காலிக்கு. பிள்ளைக்குத் தனியாக இடுப்பிலும் தோளிலும் பெல்ட் வேண்டும். நாற்காலியில் நிலைக்க வைத்துக் கட்டும் பட்டையைப் பார்த்துவிட்டு, ‘பெல்ட் போட்டாச்சே’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது மோதலைத் தாங்கச் செய்தது இல்லை. டபிள்யூசி-19 என்ற தரத்துக்கு உட்பட்ட வீல்சேர்களில் பட்டை மாட்ட வேண்டிய நான்கு இடங்களும் கொக்கி அடையாளத்தோடு இருக்கும். புது நாற்காலி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம். தினமும் வரும் டிரைவருக்கு இதெல்லாம் கைவந்திருக்கும். நடுப்பகல் ட்ரிப்புக்கு மாற்றாள் வரும் நாளில்தான் பட்டை தப்பாக மாட்டப்படும். ஆகவே எப்படிக் கட்டுவது என்று படத்தோடு ஒரு தாள், நாற்காலியின் முதுகிலேயே ஒரு பையில் இருக்கட்டும்.

தனியே போகக் கற்றுக்கொடுப்பதும் பள்ளியின் வேலைதான்

பெற்றோர் பலருக்கும் தெரியாத பகுதி இது. ட்ராவல் ட்ரெயினிங் என்று ஒன்று ஐடிஇஏ விதிகளிலேயே இருக்கிறது. சிறப்புக் கல்வி என்பதன் வரையறைக்குள்ளேயே அதை வைத்திருக்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு அதிகம் உள்ள பிள்ளைகளுக்கும், தேவைப்படும் வேறு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும், தம்மைச் சுற்றியுள்ள இடத்தை அறிந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பத்திரமாகப் போக வரக் கற்றுக்கொடுப்பது. வேலையிடமும் அந்த வரையறையில் பெயர் சொல்லியே வருகிறது. நியூ யார்க் நகரப் பள்ளிகளில் டிஸ்ட்ரிக்ட் 75 என்ற சிறப்புக் கல்விப் பிரிவில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

இந்தப் பயிற்சி எப்படி நடக்கும்? பயிற்சியாளர் முதலில் தனியாக அந்தப் பாதையில் போய்ப் பார்த்துவருவார். எங்கே நடைபாதை முடிந்துபோகிறது, எந்தச் சந்திப்பில் பொத்தானை அழுத்தினால்தான் நடக்கும் விளக்கு வரும் என்று குறித்துக்கொள்வார். பிறகு மாணவியோடு அதே பாதை, அதே நேரம், திரும்பத் திரும்ப. சாலையைக் கடப்பதிலேயே வாரங்கள் போகும். நடப்பதற்கான விளக்கு எரிந்தாலும், சந்திப்பில் வளைந்து திரும்பும் காரைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பலாம் என்பதால் இது விளையாட்டில்லை. அடுத்து பஸ். ஒரே எண் போட்ட பஸ் இரண்டு பக்கமும் போகும். நெற்றியில் எழுதியிருக்கும் ஊரைப் படிக்க வேண்டும், அல்லது எந்தப் பக்கத்து நிறுத்தத்தில் நிற்பது என்று பழக வேண்டும். எந்தக் கட்டடம் கண்ணில் பட்டதும் மணியை அழுத்துவது? நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால்? போனில் சார்ஜ் இல்லாவிட்டால்? தெரிந்தே இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கவைத்து, அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதும் பாடத்தில் வரும்.

முதலில் பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் பின்னிருக்கைக்குப் போவார், பிறகு பஸ்ஸின் கடைசி வரிசைக்கு, பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் காரில். சில திட்டங்களில், மாணவிக்கு முகம் தெரியாத இன்னொரு பயிற்சியாளர் நிறுத்தத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுப்பார். பேர் என்ன, வீடு எங்கே, வா நான் கொண்டுபோய் விடுகிறேன் என்பார். அவள் விலகிப் போகிறாளா, கடைக்குள் போய் உதவி கேட்கிறாளா என்று தூரத்திலிருந்து பார்ப்பார்கள். இதில் தேறினால்தான் தனியே அனுப்புவார்கள். எல்லாப் பிள்ளைகளும் இந்தக் கட்டம்வரை வர மாட்டார்கள். வேலைக்குப் போகும் ஒரே ஒரு பாதை மட்டும் பழகினாலே பெரிய விஷயம். துணையோடுதான் போக முடியும் என்றால், வண்டி வரும்வரை ஓரிடத்தில் நிற்பதும் தன் வண்டியை அடையாளம் காண்பதும்கூட இலக்காக எழுதத் தக்கவை.

நம் வீடுகளில் இதற்குத் தடை பெரும்பாலும் பயம்தான். பதினேழு வயதுப் பெண்ணை, அதுவும் பேச்சு சரியாக வராத பெண்ணை, ஊர் தெரியாத ஊரில் பஸ்ஸில் தனியாக அனுப்புவதா? ‘நான் இருக்கிறவரை நானே விட்டுட்டு வர்றேன்’ என்பார் அம்மா. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா எந்த வேலைக்கும் போக முடியாமல் காரிலேயே பாதி நாளைக் கழிக்கிறார் என்பதும், அவருக்கு முடியாமல் போகிற நாளில் மகளின் வேலையும் போய்விடும் என்பதும் யோசிக்க வேண்டியவை.

அந்த பஸ்ஸில் லிஃப்ட் வந்த கதை

1978 ஜூலையில் கொலராடோவின் டென்வர் நகரில், கோல்ஃபாக்ஸ் அவென்யூவும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்தில் பத்தொன்பது மாற்றுத்திறனாளிகள் பஸ்ஸை மறித்தார்கள். ஊர் பஸ்களில் வீல்சேர் ஏற வழியில்லை என்பதுதான் கோபம். சிலர் நாற்காலியை விட்டிறங்கிச் சாலையில் படுத்தார்கள். இரவும் அங்கேயே இருந்தார்கள். அடாப்ட் என்ற அமைப்பு அந்தப் போராட்டத்திலிருந்து வளர்ந்தது. 1990-இல், மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் ஏடிஏ சட்டம் வந்த பிறகு, ஊர் பஸ் நிறுவனங்கள் புதிதாக வாங்கும் பஸ்ஸெல்லாம் லிஃப்டோ சாய்தளமோ உள்ளதாக இருக்க வேண்டும் என்று ஆனது. இன்று பிள்ளையைப் பள்ளி வேனை விட்டு ஊர் பஸ்ஸில் பழக்கலாம் என்று நாம் பேச முடிவதே அதனால்தான்.

கூட்டத்தில் என்ன எழுதவைப்பது

‘தேவைப்பட்டால் போக்குவரத்து தரப்படும்’ என்ற வரி எதற்கும் உதவாது. எந்த நாள், எத்தனை மணிக்கு எங்கிருந்து எங்கே, திரும்புவது எப்போது, லிஃப்ட் வேண்டுமா, வண்டியில் துணையாள் வேண்டுமா, வலிப்பு வந்தால் வண்டியில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஐஇபியில் இருக்கட்டும். ட்ராவல் ட்ரெயினிங் வேண்டுமென்றால் அதையும் அளக்கக்கூடிய இலக்காகக் கேளுங்கள். உதாரணமாக, ‘மே மாதத்துக்குள் பள்ளிக்கும் கடைக்கும் இடையிலுள்ள இரண்டு சாலைகளையும் பிறர் சொல்லாமலே சரியாகக் கடப்பாள்.’

டிஸ்ட்ரிக்ட் மறுத்தால் சண்டை போட வேண்டாம். காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. ‘பஸ் இல்லை’ என்பதை எழுத்தில் காரணமாகப் போட யாரும் தயங்குவார்கள், பல நேரம் அங்கேயே வழி பிறந்துவிடும். பிறக்காவிட்டால் மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் எழுதலாம். வழக்கமாக 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கும் காசு கிடையாது. தாத்தா பாட்டி வளர்க்கும் வீடுகளில் இது கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அரசுப் பள்ளிப் படிப்புக்கும் ஐஇபிக்கும் விசா தடையில்லை. ஆனால் ஹெச்-4 பிள்ளை சம்பள வேலைக்குப் போகக் கூடாது. பயிற்சி சம்பளத்தோடு வருகிறதா, இல்லாமலா என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு, சந்தேகமிருந்தால் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசிவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

பள்ளி பஸ் நின்றுபோகும் நாள்

பெரும்பாலான மாநிலங்களில் ஸ்பெஷல் எஜுகேஷன் 21 அல்லது 22 வயதோடு முடிந்துவிடும். மிஷிகனில் மட்டும் 26 வரை. வழக்கமான உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ வாங்கிவிட்டால் அதற்கு முன்பே முடியும். அத்தோடு பள்ளி வண்டியும் நிற்கும். வேலை கிடைத்தும், போக வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் பள்ளி வேனில் போவதைக் குறைத்துக்கொண்டு, பிறகு எந்த வழியில் போகப்போகிறார்களோ அந்த வழியிலேயே பழக்குவது புத்திசாலித்தனம். பிராஜெக்ட் சர்ச் என்ற திட்டம் நல்ல உதாரணம். 1996-இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது. பள்ளியின் கடைசி ஆண்டை மாணவர்கள் முழுக்க ஒரு மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ கழிப்பார்கள். நடுப்பகல் பஸ் பிரச்சினையே அங்கே எழாது, ஏனென்றால் காலையில் நேராக வேலையிடத்துக்கே போய்விடுகிறார்கள்.

ஊர் பஸ்ஸில் போகவே முடியாத பிள்ளைகளுக்குப் பாராட்ரான்சிட் என்ற வீட்டு வாசல் வண்டி இருக்கிறது. நியூ யார்க்கில் ஆக்சஸ்-எ-ரைடு, நியூ ஜெர்சியில் ஆக்சஸ் லிங்க், பாஸ்டனில் தி ரைடு என்று ஊருக்கு ஒரு பெயர். ஊர் பஸ் ஓடும் பாதையிலிருந்து முக்கால் மைலுக்குள் இருக்கும் இடங்களுக்கு, பஸ் ஓடும் நேரங்களில் இந்த வண்டி வர வேண்டும். கட்டணம் பஸ் டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. உதவியாளர் கூட வந்தால் அவருக்கு டிக்கெட் இல்லை. முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வண்டி கேட்டால் எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ தருகிறோம் என்பார்கள். ஒரு மணி நேரம் முன்பின் தள்ளச் சட்டமே இடம் தருகிறது. ஆகவே புக் செய்யும்போதே வேலை தொடங்கும் நேரத்தைச் சொல்லி, அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கேட்க வேண்டும்.

வீடு வாங்கும்போது பள்ளியின் ரேட்டிங்கைப் பார்க்கும் நாம், பஸ் பாதை எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. அந்த முக்கால் மைலுக்கு வெளியே இருக்கும் புது டெவலப்மென்ட்களில் இந்த வண்டி வருவதாக இருந்தாலும் அது பஸ் நிறுவனத்தின் இஷ்டம்தான்.

பாராட்ரான்சிட்டுக்கான விண்ணப்பத்தைப் பள்ளி முடிந்த பிறகு போடலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் இருக்கும்போதே போட்டால், பிள்ளைக்கு எது முடியும், எது முடியாது என்று எழுதித்தர ஆசிரியரும் தெரபிஸ்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து 21 நாளாகியும் முடிவு வராவிட்டால், முடிவு வரும்வரை தகுதி இருப்பதாகவே வைத்துச் சேவை தர வேண்டும். போன் செய்து அதைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.